சான்றிதழ் வந்தாச்சு, அடுத்து?

(விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம்)

ஆபீஸ் வேலை முடிஞ்சு, கைகால் கழுவின கையோட இங்க வந்து உட்கார்ந்திருக்கிற அக்காக்களுக்கும் அண்ணாச்சிகளுக்கும் தனியா ஒரு வணக்கம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இந்தப் பக்கம் ‘ஆபீஸ்’ என்றால் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை. மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை.

நான் பாடம் நடத்துற ஆள் கிடையாது. அரசுத் திட்டங்களைப் பத்தி மக்களுக்குப் புரியுற மாதிரி எழுதுறது என் வேலை. இன்னைக்குப் பேச வந்தது ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி பத்தி. ‘அது டீச்சர் சமாச்சாரம், எங்களுக்கு எதுக்கு’ன்னு பெற்றோர் நினைக்கலாம். ரேஷன் கார்டு, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, இதெல்லாம் அரசு சேவைன்னு நமக்குத் தெரியும். ஆசிரியருக்குக் கொடுக்கிற பயிற்சியும் அப்படி ஒரு சேவைதான். வாங்குறது ஆசிரியர், போய்ச் சேர வேண்டிய இடம் உங்க பிள்ளை. நடுவுல எங்கயாவது நின்னு போச்சுன்னா, மனு கொடுத்துக் கேட்க ஒரு கவுண்டர்கூட கிடையாது. அதனாலதான் ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுப் பேசுறேன்.

பயிற்சி எடுக்கிறதுன்னா என்னன்னு இந்த வட்டாரத்துக்கு யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அங்கே பார்த்ததை இங்கே செய்து பார்த்தார்கள். மழை குறைந்த வறண்ட காற்று, விவசாயம் கைகொடுக்காத பூமி, வேலைக்குக் காத்திருந்த கைகள், இத்தனைக்கும் ஏற்ற மாதிரி தொழிலை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கல்கத்தாவில் எத்தனை நாள் இருந்தார்கள், யாரிடம் சான்றிதழ் வாங்கினார்கள் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்து என்ன செய்தார்கள் என்பதுதான் வரலாறு.

அந்த வரலாற்றுக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கு, இங்க இருக்கிற பெரியவங்களுக்கு அது தெரியும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல தீப்பெட்டி அடைக்கப் போன தலைமுறை இது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் தொடங்கியபோது முதலில் எடுத்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது குறித்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் புகழ்பெற்ற அந்தத் தீர்ப்பைச் சொன்னது. பிள்ளைகளை ஆலையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவர சட்டம், அதிகாரிகள், தொண்டு அமைப்புகள், ஆசிரியர்கள் என்று எத்தனையோ பேர் உழைத்தார்கள். வந்த பிள்ளை வகுப்பில் நிலைத்து நிற்பது மட்டும் ஆசிரியர் கையில். மூணாம் வகுப்பு முடிக்கும்போது வாசிக்க வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடம் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவர்ல முட்டின பிள்ளை பத்தாம் வகுப்போட எந்தப் பக்கம் திரும்பும்னு நான் சொல்ல வேண்டாம். ஆசிரியர் பயிற்சிங்கிறது இங்க அவ்வளவு பெரிய விஷயம்.

சரி, இப்ப என்னென்ன இருக்குன்னு சுருக்கமா பார்த்துடலாம். திக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. 2018-ல் வந்த நம்ம புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுன்னு ஒரு கறுப்புக் கட்டம் இருக்குல்ல, அதை போன்ல காட்டினா இந்தத் தளத்துக்குத்தான் போகும். நிஷ்தா என்கிற ஆசிரியர் பயிற்சித் திட்டம் 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் திக்‌ஷா வழியாக இணையத்துக்கு மாறியது. தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு 18 பாடப்பகுதிகள். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கியது. கொரோனாவில் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பார்க்கிற திட்டம் அது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் மணற்கேணி செயலி 2023 ஜூலையில் வந்தது. நம்ம மாவட்டத்துக்குப் பாளையம்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கு. ஒன்றியத்துக்கு வட்டார வள மையம், அதுக்குக் கீழ குறுவள மையம்.

ஆக, சாப்பாடு இருக்கு. இலையும் போட்டாச்சு. பசியோட உட்கார்ந்து சாப்பிடுறாங்களான்னு கேட்டா, எல்லா நேரமும் ‘ஆமா’ன்னு சொல்ல முடியல. நான் பேசிப் பார்த்த ஆசிரியர்கள்ல பல பேர் வெளிப்படையாவே சொன்னாங்க: காணொளியை ஓடவிட்டுட்டு சமையல் பார்ப்போம், கடைசியில கேள்விக்கு மட்டும் வந்து உட்காருவோம், 70 சதவீதம் எடுத்தா சான்றிதழ் வந்துடும்.

இதுக்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்றது சுலபம். ஆனா ஒரு டீச்சரோட போனை நினைச்சுப் பாருங்க. காலையில வருகைப் பதிவு அதுல. பிள்ளைகள் விவரப் பதிவேற்றம் அதுல. மதிப்பீட்டு மதிப்பெண் அதுல. வாட்ஸ்அப் குழுவுல வர்ற அவசரத் தகவல் அதுல. அதே போன்ல ராத்திரி எட்டரை மணிக்குப் பயிற்சியும் வருது. அப்போ பயிற்சியும் இன்னொரு பதிவேற்றமாத்தான் தெரியும். எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணிக்கை திரையில் உடனே தெரியும். எந்த வகுப்பில் என்ன மாறியது என்பது எந்தத் திரையிலும் தெரியாது. தெரிவதைத்தான் எல்லோரும் துரத்துகிறோம். அரசுத் துறையில வேலை பார்க்கிறதால இதை நான் கொஞ்சம் உறுதியாவே சொல்லலாம்.

இணையத்தில் இருக்கிற எல்லாமே எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி உதவாது. எது திரையில் பார்க்க வேண்டியது, எது கையால் செய்ய வேண்டியது, எது இந்த ஊரிலேயே எழுத வேண்டியது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்று பாடங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கம்பிமத்தாப்பும் புஸ்வாணமும். எந்தத் தனிமம் சுடரில் என்ன நிறம் தரும் என்பது வேதியியல். ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை, தாமிரம் நீலம். வேற மாவட்டத்துல இது மனப்பாடம் பண்ணுற அட்டவணை. இங்க பிள்ளைகள் வீட்டுல ‘பேரியத்துக்குத் தடை, சரவெடிக்குத் தடை, வேலை குறைஞ்சு போச்சு’ன்னு சாப்பாட்டு நேரத்துலயே பேச்சு நடக்குது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் சொன்ன தீர்ப்பு ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொட்டிருக்கு. அந்தப் பிள்ளைக்கு பேரியம்னா என்ன, அது ஏன் பச்சையா எரியுது, அதை ஏன் தடை பண்ணாங்கன்னு சொல்லித் தர்ற பாடம், இந்தியாவுலயே இந்த வட்டாரத்துலதான் உயிரோட இருக்க முடியும். ஆனா இதை வகுப்புல செஞ்சு காட்டவே கூடாது. மருந்து என்றால் என்ன செய்யும் என்று இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் முதலிப்பட்டியில் அந்தப் பெரிய விபத்து நடந்ததும் ஒரு செப்டம்பர் 5-ஆம் தேதிதான். இந்த இடத்தில் காணொளி பெரிய வரம். சுடர்ச் சோதனையைத் திரையில் காட்டுங்க, ரெண்டு தரம் நிறுத்திக் காட்டுங்க, பேச்சைப் பிள்ளைகள்கிட்ட விட்டுடுங்க.

இரண்டாவது இதுக்கு நேர் எதிர். திரையை மூடி வெச்சுட்டுச் செய்ய வேண்டியது. அரவிந்த் குப்தா என்று ஒரு பொறியாளர். ஒன்றுக்கும் ஆகாத பொருள்களை வைத்து அறிவியல் பொம்மை செய்து காட்டுபவர். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான செய்முறைகள் இலவசமாக இருக்கின்றன, தமிழில் பேசும் காணொளிகளும் உண்டு. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே தீக்குச்சிதான். சைக்கிள் வால்வு டியூபைச் சின்னத் துண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினா ஒரு மூட்டு. மூணு குச்சி, மூணு மூட்டு: முக்கோணம். நாலு குச்சி: சதுரம். சதுரத்தை அமுக்கினா சாயும், முக்கோணத்தை அமுக்கினா சாயாது. மின்கோபுரத்துல ஏன் அத்தனை முக்கோணம் இருக்குன்னு அந்தக் குச்சி சொல்லிடும். தீப்பெட்டி பிறக்கிற ஊர்ல இந்தப் பாடத்துக்கு வேற என்ன வேணும்? மருந்து முக்காத வெறும் குச்சியை ஆசிரியரே வாங்கி வெச்சுக்கணும். பிள்ளைகளை ‘ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வா’ன்னு மட்டும் தயவுசெய்து அனுப்பிடாதீங்க.

மூன்றாவது எந்தச் செயலியிலும் தேடிக் கிடைக்காதது. பக்கத்துல வெம்பக்கோட்டையில, வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் உருவங்கள், பிள்ளைகள் ஆடின வட்டச் சில்லுகள் எல்லாம் கிடைத்தன. சமூக அறிவியல் காணொளியில் பிள்ளைகள் ஹரப்பாவைப் பார்க்கிறார்கள்; பார்க்கட்டும். ஆனால் தாத்தா காலத்துக்கும் தாத்தா காலத்தில் இதே ஆற்றங்கரையில் ஒரு பிள்ளை சில்லு ஆடியது என்பதை வைத்துத் தொடங்கும் பாடத்தை, சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாரும் எழுதித் தர மாட்டார்கள். அது இந்த அறையில இருக்கிற டீச்சர்கள்தான் எழுதணும். திக்‌ஷாவுக்கே ஆசிரியர்கள் பாடப்பொருள் வழங்கும் வித்யாதான் என்ற ஏற்பாடு உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாலு படம், பத்து வரி, அஞ்சு கேள்வி எழுதி, குறுவள மையத்தில் இருக்கிற மற்ற பள்ளிகளுக்குக் கொடுத்தாலே ஒரு நல்ல தொடக்கம்.

அரவிந்த் குப்தாவைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லணும், ஏன்னா இன்னைக்குப் பேச்சோட நடுத்தண்டு அதுதான். அவர் தீக்குச்சி வேலையைத் தொடங்கியது மத்தியப் பிரதேசம் ஹோசங்காபாத் மாவட்டத்தில். அங்கே 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. இணையம் கிடையாது, தொலைபேசியே அபூர்வம். ஆனால் இரண்டு விஷயங்களை விடாமல் செய்தார்கள். விடுமுறையில் பயிற்சி நடந்தது. அதற்கப்புறம் மாதம் ஒரு முறை ஆசிரியர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் உரை கேட்கவில்லை. ‘இந்தச் சோதனை என் வகுப்பில் சரியா வரல’ என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஆசிரியர்கள் சொன்னதை வைத்துப் பாடப்புத்தகத்தையே திருத்தினார்கள். 2002-ல் அந்த மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது, அது வேறு கதை. முப்பது வருஷம் அது ஓடியதற்கு அந்த மாதக் கூட்டங்கள் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நம்மகிட்ட அந்த ரெண்டுமே இருக்கு. அவங்ககிட்ட இல்லாத காணொளியும் இருக்கு. இல்லாதது, ரெண்டையும் இணைக்கிற ஒரு சின்னக் கயிறு. ராத்திரி தனியா பார்க்கிற பயிற்சிக்கும் குறுவள மையக் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கு. ஒரே பள்ளியில மூணு டீச்சர், இல்ல பக்கத்துப் பக்கத்துப் பள்ளி மூணு பேர், ஒரே பாடப்பகுதியை ஒரே வாரத்துல பாருங்க. முழுசும் வேண்டாம், ஒரு துண்டு போதும். அதிலிருந்து ஒரு செயலை மட்டும் எடுத்து வகுப்பில் செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சான்றிதழ் கொண்டுவர வேண்டாம்; ஒரு பிள்ளையோட நோட்டைக் கொண்டு வாங்க. மொட்டு நிலையில இருந்த பிள்ளை எழுதின பக்கம். அதை மேசைமேல வெச்சு, ‘இவ ஏன் இந்த இடத்துல நிக்கிறா?’ன்னு மூணு பேரும் அரை மணி நேரம் பேசினா, அது எந்தப் பாடப்பகுதிக்கும் குறைஞ்ச பயிற்சி இல்ல. கூட்டம் நடத்துகிற ஆசிரியர் பயிற்றுநர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அந்த அரை மணி நேரத்தைச் சுற்றறிக்கை வாசித்துக் கழித்துவிடாதீர்கள்.

இன்டர்நெட் வராத பள்ளிக்கு என்ன செய்யன்னு ஒரு சார் முன்னாடியே கேட்டார். திக்‌ஷா செயலியில் பாடப்பொருளை ஒரு முறை பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும்; ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குக் கோப்பாக அனுப்பவும் முடியும். வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கு, எல்லாம் இலவசம், அச்சடித்துக்கொள்ள அனுமதியும் உண்டு. பத்துக் கதையை அச்சடிச்சு, சிவகாசிக்காரங்களுக்கு அச்சடிக்கிறதைப் பத்தி நான் சொல்லணுமா என்ன, வகுப்புல கயிறு கட்டித் தொங்கவிட்டா வாசிப்பு மூலை தயார்.

சில டீச்சர்கள் முகத்துல ஒரு கவலை தெரியுது. எதுக்குன்னு தெரியும். பணியில் இருக்கிறவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறணும்னு 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு 2 ஆண்டு அவகாசம். தமிழ்நாடு அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது. இருபது வருஷம் பாடம் நடத்தினவங்களுக்கு மறுபடி பரீட்சைன்னா மனசு கஷ்டப்படும், அதுல நான் கருத்துச் சொல்ற இடத்துல இல்ல. ஒண்ணு மட்டும்: 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. பிள்ளையோட நோட்டை வெச்சு மூணு பேர் பேசுற அந்த அரை மணி நேரமே அந்த 30-க்கும் தயாரிப்புதான். மீதிக்கு நம்ம பாடநூல்கள் இணையத்துல இலவசமா கிடைக்குது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதை ஒரு தரம் முழுசாப் படிச்சுப் பாருங்க.

கடைசியா பெற்றோருக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கணும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துல சுற்றுச்சுவர், தண்ணித் தொட்டி, கழிப்பறை பத்திப் பேசுறோம், பேசத்தான் வேணும். அதோட ஒரு கேள்வியையும் சேர்த்துக்கோங்க: ‘டீச்சர், இந்த மாசம் பயிற்சியில என்ன பார்த்தீங்க? எங்க பிள்ளைகள்கிட்ட எதைச் செஞ்சு பார்த்தீங்க?’ அதட்டிக் கேட்க வேண்டாம், கணக்குக் கேட்கிற மாதிரியும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட ‘புதுசா என்ன குழம்பு வெச்சீங்க’ன்னு கேட்கிறோமே, அப்படிக் கேளுங்க. ஒரு ஆசிரியர் கத்துக்கிட்டு வந்ததை யாராவது ஆர்வமா கேட்டா, அடுத்த தடவை அவங்க இன்னும் கவனமாப் பார்ப்பாங்க.

வீட்டுலயும் ஒரு வேலை இருக்கு. பாடப்புத்தகத்தில் இருக்கிற அந்தக் கறுப்புக் கட்டத்தைத் திறக்க ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. திக்‌ஷாவில் பதிவு செய்யாமலேயே பார்க்கலாம். புத்தகம் கிழிஞ்சு கட்டம் அழிஞ்சிருந்தா, அதுக்குக் கீழ 6 எழுத்தும் எண்ணுமா ஒண்ணு அச்சடிச்சிருக்கும். அதை அப்படியே தட்டினாலும் அதே பாடம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவா இருந்தாலும், சாயங்காலம் பத்து நிமிஷம் போனைப் பிள்ளை கையில கொடுத்து, ‘அதுல என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லு’ன்னு கேட்கலாம். பள்ளிக்கல்வி பத்தி எந்தச் சந்தேகம்னாலும் 14417-க்குக் கூப்பிடலாம்.

இப்ப புத்தகம் கொண்டு வந்தவங்க எடுங்க. முன் வரிசையில அந்த அக்கா போன்ல முதல்ல திறந்து பார்ப்போம்.